விலை பேதம்

விலை பேதம் என்பது, ஆக்கச் செலவில் வேறுபாடு இல்லாதபோதும், ஒரே பண்டத்தை அல்லது சேவையை வெவ்வேறு நுகர்வோருக்கு வெவ்வேறு விலையில் விற்பதைக் குறிக்கும் நுண்பொருளியல் கருத்துரு ஆகும். மாணவர் கட்டணச் சலுகை இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

நுகர்வோர் உபரி

ஒரு பண்டத்துக்காக ஒருவர் கொடுக்க முன்வரும் உச்ச விலைக்கும் அவர் உண்மையில் கொடுக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு நுகர்வோர் உபரி எனப்படுகின்றது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் சூல் துபுயி, பாலங்கள், சாலைகள் முதலிய பொதுப்பணிகளின் பயனை அளக்க முயன்றபோது 1844 ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். ஆல்பிரட் மார்சலின் 1890 ஆம் ஆண்டு நூல் இதனைப் பரவலாக்கியது.

சுங்கம் வாங்கும் பாலம் ஒன்றைக் கொள்வோம். அதனைக் கடக்க மூவர் முறையே 10, 6, 3 காசுகள் வரை கொடுக்க ஆயத்தமாக உள்ளனர். ஒரே கட்டணம் எனில், 6 காசு விதிப்பதே உரிமையாளருக்கு அதிக வருவாய் (12 காசு) தரும். முதலாமவருக்கு 4 காசு உபரி கிடைக்கும். மூன்றாமவர் சுற்றுவழியில் செல்வார். அவர் கடப்பதால் பாலத்துக்குச் செலவு ஏதுமில்லை என்பதால் இது எவருக்கும் பயனற்ற இழப்பாகும். அவரிடம் மட்டும் 3 காசு வாங்கினால் வருவாய் 15 ஆகும், எவருக்கும் நட்டமில்லை. மாறாக, ஒவ்வொருவரிடமும் அவரவர் உச்ச விலையை வாங்கினால் வருவாய் 19 ஆகும். மூவரும் கடப்பர், ஆனால் நுகர்வோர் உபரி முழுவதும் உரிமையாளரைச் சேரும். ஆர்தர் பிகு 1920 இல் வகுத்த மூன்று படிகளில் இது முதலாம் படி ஆகும். நடைமுறையில் இது அரிது.

தேவை நெகிழ்ச்சி

விலை மாறும்போது வாங்கும் அளவு எந்த அளவுக்கு மாறுகின்றது என்பதே தேவை நெகிழ்ச்சி (இலங்கை வழக்கில் கேள்வி நெகிழ்ச்சி). நெகிழ்ச்சி மிகுந்த பிரிவினருக்குக் குறைந்த விலையும், குறைந்த பிரிவினருக்குக் கூடிய விலையும் விதிப்பது விற்பவருக்கு ஆதாயம்.

ஆயினும் வாங்குபவரின் மனத்தை விற்பவர் அறிய முடியாது. எனவே வயது, தொழில், முன்பதிவு செய்யும் காலம் போன்ற அடையாளங்களை நாடுகின்றார். சிலவேளை பண்டத்தையே தரம் குறைப்பதும் உண்டு. அக்காலத் தொடர்வண்டிகளின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இல்லாததற்குக் காரணம் கூரையின் செலவன்று, இரண்டாம் வகுப்புக் கட்டணம் செலுத்த வல்லவர்கள் மூன்றாம் வகுப்பை நாடாமல் தடுப்பதே என்று துபுயி 1849 இல் எழுதினார்.

மலிவாக வாங்கியவர் பிறருக்கு விற்க முடியுமானால் விலை பேதம் நிலைக்காது. வேறொருவர் பெயருக்கு மாற்ற இயலாத விமானப் பயணச்சீட்டு இதனைத் தடுக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ராபின்சன்-பாட்மன் சட்டம் (1936), தம்முள் போட்டியிடும் வணிகர்களுக்கு ஒரே பண்டத்தை வெவ்வேறு விலையில் விற்பதைக் கட்டுப்படுத்துகின்றது. இறுதி நுகர்வோருக்கான சலுகைகள் அதன் வரம்பில் அடங்கா.