சீட்டாடித் தங்கம் வென்றார்கள்! ஆனால் சீட்டே சோறு போடுமா?

வீரபாண்டி:

“சீட்டாடுறவனுக்குப் பொண்ணு குடுக்காதே!” பல்லடம் ரோட்டில் எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கிற பேச்சு இது. தப்பு சொல்ல முடியாது. சனிக்கிழமை வாங்கிய சம்பளத்தை ஞாயிற்றுக்கிழமை சீட்டில் விட்டுவிட்டு, திங்கட்கிழமை டீக்கடையில் கடன் சொல்லும் ஆளைப் பார்க்காத பனியன் ஊர் உண்டா?

ஆனால் சீட்டாடியே நாட்டுக்குத் தங்கம் வாங்கி வந்தவர்களும் உண்டு. சீட்டாட்டத்துக்கே ஆண்டுச் சம்பளம் வாங்கியவர்களும் உண்டு! அந்தப் பிழைப்பு எப்படி நடந்தது? செல்போனும் கையுமாக இருக்கும் நம் வீட்டுப் பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

60 வயதில் தங்கம்

2018-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் முதன்முறையாக அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆண்கள் இரட்டையரில் மேற்கு வங்காளத்தைச் சேர்ந்த பிரணாப் பர்தன், சிப்நாத் தே சர்க்கார் ஜோடி 384 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது. சீன ஜோடிக்கு 378 புள்ளி. பர்தனுக்கு வயது 60, சர்க்காருக்கு 56!

அதே போட்டியில் இந்தோனேசியாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான பாம்பாங் ஹார்டோனோ 78 வயதில் வெண்கலம் வாங்கினார். 5 ஆண்டு கழித்து, 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியிலும் இந்திய ஆண்கள் பிரிட்ஜ் அணி வெள்ளி வென்றது.

“அதிர்ஷ்டம் அடிச்சிருக்கும்” என்கிறீர்களா? அதுதான் இல்லை. பிரிட்ஜ் நான்கு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. முதலில் ஏலம் கேட்க வேண்டும், பிறகு ஆடிக் காட்ட வேண்டும். போட்டிகளில், ஒரு மேஜையில் விழுந்த அதே சீட்டுகள் கலைக்கப்படாமல் அடுத்த மேஜைக்கும் போகும். அதே கையை வைத்து யார் நன்றாக ஆடினார் என்றுதான் புள்ளி. “எனக்கு நல்ல சீட்டு வரலே” என்று புலம்ப வழியே கிடையாது!

கணக்கு வாத்தியார் செய்த சீட்டு

வெளிநாட்டில் இன்னொரு வகை உண்டு. பெட்டிக்கடையில் மல்யுத்த வீரர் படம் போட்ட டிரம்ப் கார்டு வாங்கி, உயரம், எடை சொல்லி ஆடியது 90-களில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, மற்றவர்களோடு மாற்றிக்கொண்டு, தனக்கு வேண்டிய கட்டைத் தானே சேர்த்து ஆடும் ஆட்டம். இதில் முன்னோடி ‘மேஜிக்: தி கேதரிங்’. கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அமெரிக்கர் ரிச்சர்டு கார்பீல்டு உருவாக்கி, 1993-ல் கடைக்கு வந்தது.

1996-ல் இதற்குப் பெரிய பரிசுப் போட்டிகள் தொடங்கின. அதில் புகழ் பெற்றவர் ஜான் பிங்கல். 2000-ம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு பிரசெல்சில் உலக சாம்பியன் ஆனார். பரிசு 34 ஆயிரம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 15 லட்சம் ரூபாய்! 2008-ல் மலேசியாவின் கோலாலம்பூரிலும் பட்டம் அவருக்கே.

அப்படியானால் வாழ்நாள் முழுக்க சீட்டுதானா அவருக்குச் சோறு போட்டது? இல்லை. அவர் போய்ச் சேர்ந்த தொழில் பங்கு முதலீட்டு நிறுவனம். கோலாலம்பூரில் ஜெயித்தபோதும் சீட்டு அவருக்குப் பிழைப்பு அல்ல!

சம்பளம் வந்தது, நின்றது

ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தர ஒரு முயற்சியும் நடந்தது. 2019-ல், ஆட்டத்தை வெளியிடும் நிறுவனமே உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் 32 பேரைத் தேர்ந்தெடுத்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 75 ஆயிரம் டாலர் ஒப்பந்தம். சுமார் 50 லட்சம் ரூபாய்!

2021 மே மாதம் அறிவிப்பு வந்தது: அடுத்த சீசனோடு அந்த லீக் முடிகிறது. அவ்வளவுதான். போட்டிகள் தொடர்ந்தன, பரிசும் உண்டு. ஆனால் நிலையான வருமானம் போய்விட்டது.

ஆர்டர் நின்றால் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் கதி என்னவோ, அதுவேதான். ஒரு வித்தியாசம்: ஓவர்லாக் ஓட்டத் தெரிந்தவருக்கு அடுத்த கம்பெனி உண்டு. சீட்டு ஆட மட்டுமே தெரிந்தவருக்கு?

உலகம் முழுக்க வெறும் 32 பேருக்குக் கிடைத்த சம்பளம், அதுவும் மூன்று, நான்கு ஆண்டுக்குள் நின்றுபோனது என்றால், இந்தத் தொழிலின் லட்சணம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

“ரம்மியும் திறமை ஆட்டம்தானே?” என்று கேட்பவர் உண்டு. ரம்மியில் பெரும்பங்கு திறமைதான் என்று சுப்ரீம் கோர்ட்டே 1967-ல் சொல்லியிருக்கிறது. மூன்று சீட்டு அப்படி அல்ல, அது அதிர்ஷ்டம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

2022-ல் தமிழக சட்டசபை ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை ஆட்டம் என்று சொல்லித் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் வாதத்தையே மாற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் கூடாது. அதற்கு விளம்பரமும் கூடாது!

யார் பணம்?

விஷயம் சீட்டில் இல்லை, மேஜை மேல் வைக்கும் பணத்தில் இருக்கிறது. ஜகார்த்தாவில் பர்தனும் சர்க்காரும் தோற்றிருந்தால் பதக்கம் போயிருக்கும், வீட்டு வாடகை போயிருக்காது. பிங்கல் தோற்றால் நுழைவுக் கட்டணமும் வழிச்செலவும் நஷ்டம். அது எவ்வளவு என்று கிளம்பும்போதே தெரியும். செல்போனில் பணம் வைத்து ஆடுபவருக்கு நஷ்டம் எவ்வளவு என்று, எல்லாம் போன பிறகுதான் தெரியும்.

பையன் சீட்டை எடுத்தாலே அடிக்கக் கிளம்ப வேண்டாம். மூளைக்கு நல்ல வேலை, ஆடட்டும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தோத்தா யார் காசுப்பா போகும்?” பதில் சொல்லத் தயங்கினால், அன்றைக்கே அவன் கணக்கைப் பாருங்கள். சனிக்கிழமைச் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்!