நீரோட்டம் கைவிடும் இடம்

கானடா தேசத்தின் வடமேற்கு மூலையில், வைட்ஹார்ஸ் நகரத்தில் புறப்பட்டு, யூக்கான் நதி வழியாக 715 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு டாசன் நகரத்தை அடைகிற பந்தயம் ஒன்று 1999-ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. ஜூன் மாதக் கடைசியில் அந்தப் பிரதேசத்தில் இருட்டு என்பதே அநேகமாக இல்லை. ஆகையால், கட்டாயமாகக் கரையேறி இளைப்பாற வேண்டிய சில மணி நேரம் போக, இராப்பகலாகப் படகைச் செலுத்தலாம். நதியின் வேகம் துணைநிற்கும் வரையில் இது அவ்வளவு துர்லபமான காரியமல்ல. பந்தயத்துக்கு ஆயத்தம் செய்கிறவர்களுடைய மனத்தை உறுத்துவது, புறப்பட்ட சில மணி நேரத்திலேயே குறுக்கிடும் லபார்ஜ் ஏரிதான். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியில் நீரோட்டம் கைவிட்டுவிடுகிறது; முன்னே செல்லும் ஒவ்வொரு முழத்துக்கும் சொந்த உடம்பே விலை கொடுக்க வேண்டும்.

அந்த விலையின் கணக்கு விசித்திரமானது. நீர் படகைத் தடுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதாகக் கொண்டால், அதை வெல்வதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் கனத்தை ஒட்டி வளரும். அதாவது, பத்தில் ஒரு பங்கு வேகத்தைக் கூட்ட ஆசைப்பட்டவன், மூன்றில் ஒரு பங்கு உழைப்பைக் கூட்டியாக வேண்டும். படகு தானே எழுப்பும் அலையும் சேர்ந்துகொண்டால் நஷ்டம் இன்னும் அதிகம். ஆரம்ப உற்சாகத்தில் பாய்கிறவன், பின்னால் வரும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கென்று வைத்த முதலையல்லவா செலவழிக்கிறான்! தசையும் ஈரலும் சேமித்து வைக்கும் மாவுச்சத்து சுமார் அரைக் கிலோவுக்கு மேற்படாது. கடினமான உழைப்பில் அது இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ஆகவே, பசிக்குமுன் உண்பதும், துடுப்பைக் கையால் இழுக்காமல் இடுப்புக்கு மேலுள்ள உடல் முழுவதையும் திருப்பி, முதுகின் பெரிய தசைகளைக்கொண்டு தள்ளுவதும், பல மாத காலம் அப்பியாசம் செய்ய வேண்டியவை.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது குளிர். கோடையிலும் அந்த ஏரியின் நீர் சில்லென்றே இருக்கும். நீளவாட்டில் காற்று வீசினால் அலை பெரிதாகிப் படகைக் கவிழ்க்கும். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தவனுக்கு மூச்சு தன் வசத்தில் நிற்காது. அந்தத் தவிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆகும். அதன்பின் கைவிரல்கள் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிஷம். நினைவு தப்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம். மானிடோபா சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் இப்படி எளிதாக நினைவு வைக்கும்படி சொல்லியிருக்கிறார். நீந்தத் தெரியும் என்ற தைரியம் அந்த முதல் நிமிஷத்தில் உதவுவதில்லை. மிதவைச் சட்டைதான் உதவும். ஆதலால் விவேகிகள், கவிழ்ந்த படகில் மறுபடி ஏறும் வித்தையை, குளிர்ந்த நீரிலேயே, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு பலமுறை பழகுகிறார்கள்.

அந்த ஏரியின் அடியில் ஏ. ஜே. கோடர்ட் என்ற சிறிய நீராவிக் கப்பல் கிடக்கிறது. 1901-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துப் புயலில் அது மூழ்கியபோது, அதிலிருந்த ஐவரில் மூவர் மாண்டனர். 2008-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு அதனுள்ளே ஒரு கிராமபோன் பெட்டியும் சில இசைத்தட்டுகளும் அகப்பட்டன.