திறந்த வெளி – 7: வடபழனிக்கு வர வேண்டிய பத்து சதவீதம்

சென்ற வாரம் பனகல் பூங்காவைப் பார்த்தோம். 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்தபின் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கியவர்கள், முதலில் வரைபடத்தில் பூங்காவுக்கு இடம் விட்டார்கள். வீடுகள் பிறகுதான் வந்தன.

அங்கிருந்து மேற்கே வந்தால் வடபழனி. இது யாரும் வரைந்து வைத்து எழுப்பிய ஊர் இல்லை. ஆண்டவர் கோயிலைச் சுற்றியும், பிறகு ஸ்டூடியோக்களைச் சுற்றியும் தானாக வளர்ந்தது. திறந்த வெளிக்கு இங்கே குறைவே இருந்ததில்லை. ஆனால் அது விஜயா வாகினி, ஏவிஎம் என்று மதில்களுக்குள் இருந்தது. படத்தொழில் இடம் மாறத் தொடங்கியதும் அந்தப் பரப்புகளில் மருத்துவமனை, கல்யாண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒவ்வொன்றாக எழுந்தன. 2013ல் வாகினி நிலத்தில் மால் திறந்தது. தனியார் நிலம், அவர்கள் உரிமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்படிப் பெரிய மனை கைமாறிக் கட்டடமாகும் நேரம்தான், ஊருக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைக்கக்கூடிய ஒரே நேரம். அதற்காகவே ஒரு விதி இருக்கிறது.

திறந்த வெளி ஒதுக்கீடு (Open Space Reservation) என்பது அதன் பெயர்; பத்திரப் பதிவு அலுவலகத்திலும் பில்டர்களிடமும் ‘ஓ.எஸ்.ஆர்.’ என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் 45 கிரவுண்டுக்கு மேல் போனால், சாலை நீங்கலாக உள்ள பரப்பில் பத்து சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 3,000 சதுர மீட்டருக்குக் கீழே இந்தக் கட்டாயம் இல்லை. சிக்கல் இரண்டுக்கும் நடுவில்: நிலத்தை ஒதுக்கலாம், அல்லது அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம்.

வடபழனி போன்ற பகுதிக்கு இந்த ‘அல்லது’தான் ஆபத்து. இங்கே இனி வரப்போகும் மனைகளில் பெரும்பாலானவை சிறியவை, நடுத்தரமானவை. பணம் கட்டுவது எளிது. பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையை எட்டுவதில்லை. வசூலான தொகையைக் கொண்டு நாளை நூறடி சாலைப் பக்கமோ குமரன் காலனியிலோ அதே அளவு இடத்தை வாங்க முடியுமா? முடியாது. விற்க ஆள் இல்லை. இருந்தாலும் அந்த விலைக்கு இல்லை. அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் 1967ல் மக்கள் வாக்களித்து, தங்கள் மேல் தாங்களே கூடுதல் விற்பனை வரி போட்டுக்கொண்டு, அந்தப் பணத்தில் நகரைச் சுற்றியிருந்த நிலத்தை வாங்கத் தொடங்கினார்கள். அங்கே வாங்குவதற்கு நிலம் இருந்தது. கட்டி முடிந்த ஊருக்குப் பணத்தைவிட நிலம்தான் தேவை. நடுத்தர மனைகளிலும், இடத்தின் அமைப்பு ஒத்துவந்தால், நிலத்தையே கேட்டுப் பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தானமாகக் கேட்பது நியாயமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995ல் சேத் ராம் வசிஷ்ட் வழக்கில், பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தின் உரிமையை இலவசமாகத் தனக்கு மாற்றித்தரும்படி டெல்லி மாநகராட்சி கேட்க முடியாது, அதற்குச் சட்ட ஆதரவு இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் விதியோ 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. வசந்த் அபார்ட்மென்ட்ஸ் உரிமையாளர் சங்கத்தின் வழக்கில், 2023 பிப்ரவரியில், நீதிபதிகள் கே.எம். ஜோசப், ரிஷிகேஷ் ராய் அமர்வு இந்தப் பத்து சதவீத விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. வாங்கிய இடத்தை வாங்கிய நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

ஆகவே கேட்கும் உரிமை உறுதியாகிவிட்டது. காப்பதில்தான் தளர்ச்சி. பத்திரம் பதிவான நாளோடு வேலை முடிந்ததாக நினைத்துவிட்டால், பட்டா மாறாது, வேலி போடப்படாது. சில ஆண்டுகளில் அந்த இடம் குடியிருப்பின் கார் நிறுத்தமாகவோ ஜெனரேட்டர் வைக்கும் மூலையாகவோ ஆகிவிடும். வாசல் வளாகத்துக்கு உள்ளே இருந்தால் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் காவலாளியைத் தாண்டி எப்படி வருவார்கள்? தானம் ஏற்கும்போதே தெருப்பக்கம் வாசல் கேட்பதும், அன்றே மாநகராட்சியின் பெயர்ப்பலகையை நடுவதும் பெரிய செலவில்லை.

பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்த வெளி எல்லாவற்றையும் உள்ளாட்சி முழுமையாகப் பட்டியலிட்டு, வேறு பயனுக்கு மாற்றாமல் காக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்துவிட்டது. கோடம்பாக்கம் மண்டலத்துக்கு அப்படியொரு பட்டியல் சர்வே எண்ணோடு வார்டு அலுவலகச் சுவரில் தொங்க வேண்டும். அதுவரை ஒரு வழி உண்டு. நீங்கள் பெரிய வளாகத்தில் குடியிருந்தால், சங்கத்தில் இருக்கும் திட்ட அனுமதி வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். ஓ.எஸ்.ஆர். என்று குறித்த பகுதி அதில் இருந்தால், அதன் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, பட்டா இன்று யார் பெயரில் இருக்கிறது என்று மாநகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.