பூகம்பத்திற்குப் பின் அந்தமான் நிலங்கள்

வெள்ளமும் வறட்சியும் குடியானவர்களுக்குப் பழகிய இடர்கள். வெள்ளம் வடிந்தபின் வயல் முன்னிருந்த மட்டத்திலேயே இருக்கும். பூகம்பமோ அந்த மட்டத்தையே மாற்றிவிடக்கூடியது. அப்பொழுது செய்யவேண்டிய பரிகாரம் யாது என்பதற்கு அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் அநுபவம் தக்க சான்றாகும்.

2004ஆம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி காலை, சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் தோன்றிய பூகம்பம் வடக்கு நோக்கிச் சுமார் 1,300 கிலோமீட்டர் தூரம் பரவி அந்தமானை எட்டியது. அதன் அளவு 9.1. அதனால் வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு மேல் தோன்றின. போர்ட் பிளேயரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அடுத்த பகுதிகள் ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தன. பெரிய நிக்கோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது.

சர்க்கார் கப்பல்களாலும் விமானங்களாலும் ஜனங்களை அப்புறப்படுத்தி, முகாம்களில் உணவளித்து, 2005இல் தகரக் கொட்டகைகளும் பின்னர் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட நிரந்தர வீடுகளும் அமைத்துக் கொடுத்தனர். ஆயினும் நிக்கோபாரில் நிலமும் தோப்பும் ‘துஹெட்’ என்னும் கூட்டுக் குடும்பத்திற்குரியவை. உதவித் தொகையோ தனித்தனிக் குடும்பங்களுக்குச் சென்றது. கைக்கு வந்த பணம் விரைவில் செலவாகும். அழிந்த தென்னைக்கு மாற்றாக நட்ட கன்று காய்க்க ஆறேழு வருஷங்களாகும். ஆதலின் நிவாரணம் தென்னையின் வயதைக் கணக்கிட்டு நீளவேண்டும் என்பது விளங்கும்.

இனி, கடல் புகுந்த நிலங்களை மூவகையாகப் பிரித்தறிதல் அவசியம்.

1. தினமும் ஓதம் ஏறும் நிலம்: தென் அந்தமானில் சிப்பிகாட்டை அடுத்த தாழ்ந்த வயல்கள் இவ்வகையின. கடல் வடியுமென்று காத்திருத்தல் வீண். இத்தகைய நிலத்திற்கு ஆண்டுதோறும் நெல் விதை வழங்குவது குடியானவருக்கும் பொக்கிஷத்துக்கும் நஷ்டம். மாற்று நிலமோ, உவர்நீர் மீன் வளர்ப்புப் போன்ற வேறு தொழிலோ கொடுப்பதே நியாயம்.

2. பெரிய ஓதத்தில் மட்டும் நனையும் நிலம்: கரையும் மதகும் கட்டி உப்புநீரைத் தடுக்கலாம். அத்துடன் போர்ட் பிளேயரிலுள்ள மத்திய தீவு விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் பரிந்துரைத்தபடி, மண்ணை வெட்டிச் சுமார் 4 மீட்டர் அகலமுள்ள மேட்டுப்பாத்திகளும் இடையிடையே அகன்ற வாய்க்கால்களும் அமைத்தால், பாத்தியின் உப்பு மழையில் கழுவப்படும். மேட்டில் காய்கறியும், வாய்க்காலில் நெல்லும் மீனும் விளைவிக்கலாம்.

3. அலை ஒருமுறை வந்து மீண்ட நிலம்: மட்டம் மாறாதிருப்பின் இதுவே எளிதில் மீள்வது. அந்தமானில் வருஷத்திற்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்துவிட்டால் உப்பு குறையும். நாகப்பட்டினக் கரையில் அதே அலையால் உவரான வயல்களும் இவ்வகையினவே.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டுவன: அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் எட்டும் எல்லையில் முளையடித்து, குறைந்தது ஒரு மாதமாவது பார்த்தபின் ஒவ்வொரு சர்வே நம்பரும் எவ்வகையினது என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். கோடையில் உப்பு மேலேறுமாதலால், அக்காலத்தில் மேல்மண், அடிமண் இரண்டையும் தனித்தனியே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புக. பூரித மண்சாற்றின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேற்பட்டால் அது உவர்நிலம். நெல்லுக்கு நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பு மிகவும் கெடுதி. எனவே முதற் போகத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மண் தேறியபின் நெல்லிடுவது உத்தமம்.

நிலத்தை வகைபிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே உதவியைப் பகிர்ந்தால், மீளக்கூடியவர் காலதாமதத்தாலும் மீளமுடியாதவர் வீண் நம்பிக்கையாலும் கெடுவர். மிராசுதார்கள் தங்கள் வயலின் மட்டத்தை உள்ளபடி எழுதிவைத்தலே இதற்கு முதற் காரியமாகும்.