புல் 10 அங்குலம் வளர்ந்தது. வீட்டுக்கே ஆபத்து வந்தது!

அமெரிக்காவில் புளோரிடா மாநிலம். அங்கே ஒரு சிறிய கடற்கரை நகரம். அந்த ஊரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சொந்த வீட்டில் வசித்து வந்தார்.

2018-ம் ஆண்டு கோடையில் அவர் வெளியூர் போனார். காலமான தாயாரின் சொத்துக் காரியங்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. வீட்டு முன்னால் இருந்த புல்லை வெட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தார்.

அந்த ஆள் திடீரென்று இறந்துவிட்டார்!

புல்லுக்கு அது தெரியுமா? மழை பெய்தது. புல் மளமளவென்று வளர்ந்தது. 10 அங்குலத்தைத் தாண்டியது.

அந்த ஊர்ச் சட்டப்படி 10 அங்குலத்துக்கு மேல் புல் வளரக் கூடாது. நகரசபை அதிகாரி வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டார். அன்று முதல் தினமும் 500 டாலர் அபராதம்! முன்பும் ஒரு தடவை இதே குற்றத்துக்கு ஆளானவர் என்பதால் இந்தக் கடுமை.

வீட்டுக்காரர் திரும்பி வந்து புல்லை வெட்டினார். அதற்குள் அபராதம் 29 ஆயிரம் டாலருக்கு மேல் ஏறிவிட்டது. "தினமும் ஏறுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!" என்று அவர் முறையிட்டார். அவ்வளவு பணம் கட்ட அவரால் முடியவில்லை. 2019-ல் நகரசபை, வீட்டை ஏலம் போட்டுப் பணத்தை வசூலிக்க வழக்குத் தொடர அனுமதி கொடுத்தது.

அவரும் கோர்ட்டுக்குப் போனார். தோற்றார். 2022-ம் ஆண்டில் மேல் கோர்ட்டும், அபராதம் செல்லும் என்று தீர்ப்புக் கூறியது.

புல்லுக்கு ஏன் இந்த மரியாதை?

நம் ஊரில் வாசலில் சாணம் தெளிப்பார்கள், கோலம் போடுவார்கள். அமெரிக்கரின் வாசலுக்கு அழகு, புல்தரை. பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு களைச்செடி தலைகாட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்.

இதற்கு ஒரு கதை உண்டு. இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். குடியிருக்க வீடு இல்லை. வில்லியம் லெவிட் என்ற கட்டிட முதலாளி, நியூயார்க் பக்கத்தில் 1947-ம் ஆண்டில் வேலையைத் தொடங்கினார். 1951-க்குள் 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழும்பிவிட்டன. ஒரே மாதிரி வீடுகள். ஒரே மாதிரி புல்தரைகள். ஊரின் பெயர் லெவிட் டவுன்.

லெவிட்டின் தகப்பனாருக்குத் தோட்டக்கலையில் மிகுந்த பிரியம். புல்லை எப்படிப் பேணுவது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரை எழுதுவார்.

எழுதியதோடு விடவில்லை. விதியும் போட்டார்கள். கோடையில் வாரம் ஒரு முறை புல்லை வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் கம்பெனி ஆள் வந்து வெட்டுவான். கூலி வீட்டுக்காரர் தலையில் விழும். வேலி கட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வெளியே துணி காயப்போடக் கூடாது.

அதே லெவிட் டவுனில் இன்னொரு விதியும் இருந்தது. வெள்ளையர் அல்லாதாருக்கு வீடு கிடையாது! புல்லில் இருந்த ஒழுங்கு, நியாயத்தில் இல்லை.

இரண்டு எசமானர்கள்

இன்று அமெரிக்க வீட்டுக்காரருக்கு இரண்டு எசமானர்கள். ஒன்று நகரசபை. மற்றொன்று வீட்டுக்காரர் சங்கம்.

புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகள் பலவற்றில் இந்தச் சங்கம் உண்டு. வீடு வாங்கும்போதே சங்கத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதாக ஆகிவிடும். மாதச் சந்தா கட்ட வேண்டும். எந்தச் செடி வைக்கலாம், வீட்டுக்கு என்ன வர்ணம் பூசலாம் என்பதெல்லாம் சங்கத்தின் இஷ்டம். மகன் வீட்டுக்குப் போன நம் ஊர்த் தாய்மார்கள் பலர், கொல்லையில் கொடி கட்டிச் சேலை உலர்த்தப் போய், "அம்மா, அபராதம் போட்டுவிடுவார்கள்!" என்ற பேச்சைக் கேட்டிருப்பார்கள்.

சங்கத்தையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. பக்கத்து வீடு புதர் மண்டி, எலியும் பாம்பும் குடியேறினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் குப்பையும் தோட்டமும் சங்கத்தின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதுதான் வினை.

மேரிலாந்து மாநிலத்தில் ஒரு தம்பதி புல்லை எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்குரிய பூச்செடிகளை வளர்த்தார்கள். பூச்சி மருந்து அடிக்கவில்லை. தேனீயும் பட்டாம்பூச்சியும் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தார். "செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புல் வையுங்கள்!" என்றது சங்கம். தம்பதி வழக்குப் போட்டார்கள். தோட்டத்தின் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 2021-ல் மேரிலாந்தில் சட்டமே வந்துவிட்டது. இப்படிப்பட்ட தோட்டத்தைச் சங்கம் தடுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம்.

பாலைவனத்தில் புல்

சூதாட்டத்துக்குப் பேர்போன லாஸ் வேகாஸ் நகரம் பாலைவனத்தில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 4 அங்குலம்தான். அங்கேயும் புல்தரை போட்டார்கள்! தண்ணீர் எங்கிருந்து? கொலராடோ நதியிலிருந்து. அந்த நதி வற்றத் தொடங்கியதும் ஊர் விழித்துக்கொண்டது.

2003-ல், புது வீட்டின் முன்புறம் புல் போடக் கூடாது என்று விதி வந்தது. இருக்கும் புல்லைப் பிடுங்கினால், சதுர அடிக்கு இவ்வளவு என்று தண்ணீர் இலாகாவே பணம் கொடுத்தது. ஒரு சதுர அடிப் புல் போனால் ஆண்டுக்கு 55 காலன் தண்ணீர் மிச்சம் என்பது அந்த இலாகாவின் கணக்கு. 2021-ல் மாநிலச் சட்டம் வந்தது. சாலை நடுவிலும், கடை, ஆபீஸ் முன்னாலும் வெறும் அழகுக்காக இருக்கும் புல்லுக்கு, 2026-ம் ஆண்டு முடிந்தபின் நதித் தண்ணீர் விடக் கூடாது. தனி வீடுகளுக்கு இந்தச் சட்டம் இல்லை.

ஆனாலும் அங்கே வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. தண்ணீர் இலாகா ஆட்கள் காரில் தெருத் தெருவாகச் சுற்றி வருகிறார்கள். புல் எவ்வளவு உயரம் என்று அவர்கள் பார்ப்பதில்லை. தோட்டத்துத் தண்ணீர் வழிந்து தெருவுக்கு ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஓடினால் படம் பிடிக்கிறார்கள். அதற்கும் அபராதம் உண்டு.