400 ஃப்ரேமுக்குள் 600 எஞ்சின்

சின்ன ஸ்போர்ட்ஸ் பைக்கில் பெரிய எஞ்சினை ஏற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "உள்ளே உட்காருமா?" என்பதுதான். வெட்டியோ தேய்த்தோ எப்படியாவது உட்கார வைத்துவிடலாம். அந்த எஞ்சினின் இழுவையையும் வேகத்தையும் தாங்கும் தெம்பு ஃப்ரேமுக்கு உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தெம்பு மிச்சமுள்ள பைக்கில் இந்த வேலை அருமையாக அமையும். இல்லாத பைக்கில் செய்தால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

மிச்சத் தெம்போடு பிறந்த பைக்குக்கு நல்ல உதாரணம் யமஹா எஃப்இசட்ஆர் 400. ஜப்பானில் 1986-இல் வந்தது. அங்கே 1975 முதல், நடுத்தர உரிமம் வைத்திருப்பவர் 400 சிசி வரைதான் ஓட்டலாம். அதற்கு மேல் போக அப்போது தனித் தேர்வு தேவைப்பட்டது. அதில் தேறுவது குதிரைக் கொம்பாக இருந்தது. அதனால் இளைஞர் கூட்டம் முழுவதும் 400 வகுப்பையே மொய்த்தது. ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாசாகி நான்கும் பந்தயத்தில் கற்றதையெல்லாம் அந்த வகுப்பில் கொட்டின. எஞ்சின் சக்தியை மட்டும் தங்களுக்குள் ஒப்புக்கொண்டு 59 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டன. ஃப்ரேமுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. எஃப்இசட்ஆர் 400-க்கு யமஹா கொடுத்தது அலுமினிய டெல்டாபாக்ஸ் ஃப்ரேம். ஹேண்டில்பார் கழுத்திலிருந்து பின்பக்க ஸ்விங்ஆர்ம் அச்சு வரை, இருபுறமும் அகலமான இரண்டு பெட்டி வடிவ உத்தரங்கள் நேராக ஓடும். வளைவில் சாய்த்து அழுத்தினாலும் முறுக்கிக்கொள்ளாது.

1989-இல் எஃப்இசட்ஆர் 600 வந்தது. ஏறக்குறைய 90 குதிரைத்திறன். ஆனால் விலையைக் கட்டுக்குள் வைக்க அதன் டெல்டாபாக்ஸை எஃகில் செய்தார்கள். ஆக, நல்ல ஃப்ரேம் ஒரு பைக்கிலும் நல்ல எஞ்சின் இன்னொரு பைக்கிலும் விற்பனையாயின. அமெரிக்காவில் உரிமத்துக்கு 400 என்ற எல்லை கிடையாது. அங்கே 400-க்குப் பெரிய சந்தையும் அமையவில்லை. அங்குள்ள கிளப் பந்தயக்காரர்கள்தான் இரண்டையும் சேர்த்தார்கள். இதே ஆசை ஐம்பதுகளிலேயே இங்கிலாந்தில் 'ட்ரைட்டன்' என்ற கலப்பு பைக்கைப் பிறப்பித்திருந்தது: ட்ரையம்ஃப் எஞ்சின், நார்ட்டனின் ஃபெதர்பெட் ஃப்ரேம்.

இனி அளவுகள். 400 எஞ்சினின் போர் 56 மி.மீ., ஸ்ட்ரோக் 40.5 மி.மீ. 600-க்கு போர் 59, ஸ்ட்ரோக் 54.8. போர் என்பது பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை போகும் தூரம். இங்கே போர் 3 மி.மீ.தான் கூடியிருக்கிறது, ஸ்ட்ரோக்கோ 14.3 மி.மீ. கூடியிருக்கிறது. அகலம் அதிகம் மாறாது, பிளாக் உயரமாகிவிடும். இந்த எஞ்சின்களின் சிலிண்டர்கள் முன்பக்கம் சாய்ந்தவை என்பதால் அந்தக் கூடுதல் உயரம் மேலே மட்டுமல்லாமல் முன்சக்கரத்தை நோக்கியும் நீளும். ரேடியேட்டர், சைலன்சர் குழாய்கள், கார்புரேட்டர் எல்லாமே இடத்துக்குப் போட்டியிடும்.

நம்மூரில் ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் 135 எஞ்சினுக்கு ஆசைப்படுவது இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. 100-இன் போரும் ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. 135-க்கும் ஸ்ட்ரோக் அதே 50தான். போர் மட்டும் 58. உயரம் கூடாததால் இடப் பிரச்சினை எழுவதில்லை. ஒரு எஞ்சின் இன்னொன்றின் இடத்தில் உட்காருமா என்று தெரிய வேண்டுமானால் சிசியைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரோக்கைப் பாருங்கள்.

எஃப்இசட்ஆர் 400-உம் 600-உம் ஒரே குடும்பம். எஞ்சினை ஃப்ரேமோடு பிடிக்கும் போல்ட் இடங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். அதனால்தான் இந்த மாற்றம் பரவியது. "பெரும்பாலும்" என்ற அந்தச் சொல்லில்தான் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. எஞ்சினை ஜாக்கியில் வைத்து மெல்ல ஏற்றி, பின்பக்க போல்ட்டை முதலில் நுழைத்து, இறுக்காமல் விட்டுவிட வேண்டும். பிறகு முன்பக்கம் ஃப்ரேமில் போல்ட் நுழையும் காதுக்கும் கிராங்க்கேஸின் காதுக்கும் நடுவே ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் சந்து தெரிந்தால் அந்த அளவுக்கு லேத்தில் அலுமினிய ஸ்பேசர் கடைந்து போடுவதுதான் முறை. போல்ட்டை முறுக்கிச் சந்தை மூடுவது பெரிய தப்பு. ஃப்ரேமும் கிராங்க்கேஸும் நிரந்தரமாக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் காது விரிசல் விடும். இதுபோன்ற பைக்குகளில் எஞ்சினும் ஃப்ரேமின் ஓர் அங்கமாக நின்று பாரம் தாங்குகிறது என்பதை மறக்கக் கூடாது.

அலுமினிய ஃப்ரேமில் வெல்டிங் வைப்பதைக் கூடியவரை தவிருங்கள். பற்றவைத்த இடத்தைச் சுற்றிச் சூடு பட்ட பகுதி பலம் இழக்கும். இடிக்கிற இடத்தில் ஒரு பிராக்கெட்டின் ஓரத்தைத் தேய்ப்பது வேறு. உத்தரத்தையே குடைவது வேறு.

அடுத்தது செயின் வரிசை. முன் ஸ்பிராக்கெட்டும் பின் ஸ்பிராக்கெட்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். நேரான இரும்புப் பட்டையைப் பின் ஸ்பிராக்கெட்டின் முகத்தில் படியவைத்து முன்னோக்கி நீட்டினால், முன் ஸ்பிராக்கெட்டின் முகத்தில் பட்டை ஒரே சீராகப் படிய வேண்டும். ஒரு பக்கம் பட்டு மறுபக்கம் விலகினால் ஸ்பேசர் போட்டோ, ஸ்பிராக்கெட் தாங்கியைக் கடைந்தோ சரிசெய்ய வேண்டும். கண்ணளவில் சரி என்று விட்டுவிட்டால், அதிவேகத்தில் செயின் பல்லைவிட்டு ஏறி எஞ்சின் கேஸை உடைக்கும், அல்லது பின்சக்கரத்தைப் பூட்டிவிடும்.

பல் எண்ணிக்கையும் மாற வேண்டும். 400 தன் முழுச் சக்தியை 12,000 ஆர்பிஎம் அளவில் தரும். 600-க்கு அது 10,500 அளவிலேயே கிடைத்துவிடும். மெதுவாகச் சுழன்று அதிகமாக இழுக்கும் எஞ்சினுக்கு, அதிக வேகத்துக்கு ஏற்ற கியர் விகிதம் பொருந்தும். முன்னே 15 பல், பின்னே 45 பல் என்றால் விகிதம் 3. முன்னே ஒரே ஒரு பல் கூட்டி 16 ஆக்கினால் 2.81. அதே மாற்றத்தைப் பின்பக்கத்தில் கொண்டுவர மூன்று பல் குறைக்க வேண்டும். ஆகவே முதலில் முன் ஸ்பிராக்கெட்டை மாற்றிப் பாருங்கள், செலவும் குறைவு.

காற்றும் பெட்ரோலும் பற்றி ஒரே ஒரு அறிவுரை: 600-இன் கார்புரேட்டரோடு ஒழுங்கான ஏர் பாக்ஸையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இடமில்லை என்று நான்கு தனித்தனி ஃபில்டர்களை மாட்டுவது சுலபமான வழி. ஆனால் இந்த வகை கார்புரேட்டரின் ஸ்லைடு வெற்றிடத்தால் எழும்புவது. பாக்ஸ் போனால் நடு ஆர்பிஎம்மில் எஞ்சின் திக்கித் திணறும். ஜெட் மாற்றி மாற்றிப் பல வாரங்கள் ஓடும்.

ரேடியேட்டரும் 600-உடையதாகவே இருக்கட்டும். எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி சைலன்சர் வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வெளியே போயாக வேண்டும். சக்தி ஒன்றரை மடங்கு என்றால் கழிக்க வேண்டிய சூடும் அதற்கேற்பக் கூடும். பெரிய ரேடியேட்டரை மாட்டியதும், முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கை அடிவரை அழுத்திப் பாருங்கள். முன்சக்கரமோ மட்கார்டோ எதிலும் உரசக் கூடாது. பெரிய பள்ளத்தில் பிரேக் பிடிக்கும் நொடியில் சக்கரம் அதுவரைதான் வரும்.

வயரிங் பெரிய விஷயமில்லை. இக்னிஷன் பெட்டி மட்டும் எஞ்சினோடு சேர்ந்தே வர வேண்டும், ஏனென்றால் தீப்பொறி நேரமும் ஆர்பிஎம் வரம்பும் அதில்தான் பதிந்திருக்கின்றன. டாக்கோமீட்டரின் சிவப்புக் கோடு பழைய எஞ்சினுக்குரியது; புதிய எல்லையில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 150 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்த இடத்தில் இப்போது 180-இல் பிடிக்கிறீர்கள் என்றால் பிரேக்குக்கு வேலை 44 விழுக்காடு கூடுகிறது. புது பேட், புது திரவம், எஃகு பின்னல் போட்ட ஹோஸ், கூடிய எடைக்கு ஏற்ற ஃபோர்க் ஸ்பிரிங்: இவற்றுக்குப் பணம் ஒதுக்க முடியாவிட்டால் எஞ்சின் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

எண்பதுகளின் ஜப்பானிய 400-க்குப் பொருந்தியது இன்றைய 150, 200 சிசி பைக்குகளுக்கு அப்படியே பொருந்தாது. அவற்றின் ஃப்ரேம்கள் தங்கள் எஞ்சினுக்கும் விலைக்கும் அளந்து செய்யப்பட்டவை. மிச்சம் வைக்கும் காலம் போய்விட்டது. ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் கணினிப் பெட்டி, சென்சார்கள், சாவிப் பாதுகாப்பு எல்லாம் ஒரு கட்டாக மாற வேண்டும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சிசியும் பதிவாகியிருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதும் சிக்கலாகும். எனவே இந்தியாவில் இப்படிப்பட்ட பைக் பந்தயத் தடத்துக்கு மட்டுமே. வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்த பின் முதல் ஓட்டம் சில நிமிடங்களே இருக்கட்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, பிறகு முழுக்க ஆறிய பின் மவுண்டிங் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி சோதியுங்கள். ஸ்பேசர் போட்ட இடங்கள் முதல் சூட்டில் சற்றுப் படியும். குளிர்நீரில் சிக்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் தளரும். ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் தளர்வை அளந்து, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகுங்கள்.