கையும் கருத்தும் சேர்ந்து எழுதும் தேர்வு

பள்ளி இறுதி வகுப்பு என்றதும் நம் வீடுகளில் பேச்சு இரண்டே திசையில்தான் செல்கிறது. டாக்டரா, என்ஜினீயரா? கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை ஒரு பெண்ணுக்கு இருந்தால், "அதையெல்லாம் லீவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். அந்த ஆசையையே பொதுத்தேர்வுப் பாடமாக வைத்திருக்கும் இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவில், மெல்போர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா மாநிலத்தில், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் 'பொருள் வடிவமைப்பும் தொழில்நுட்பங்களும்' என்ற பாடத்தை மாணவியர் விரும்பி எடுக்கலாம். அது நடைபெறும் விதத்தை இங்கே சற்று விளக்க விரும்புகிறோம்.

மரம், உலோகம், பிளாஸ்டிக், துணி எதுவானாலும் பாடம் ஒன்றே. தச்சு வேலை பையன்களுக்கு, தையல் பெண்களுக்கு என்ற பிரிவினை அதில் கிடையாது. நாற்காலி செய்பவளும் மழைக்கோட்டு தைப்பவளும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். ஆண்டு முடிவில் ஒன்றரை மணி நேர எழுத்துத் தேர்வுக்கு 30 விழுக்காடு, பள்ளியில் நடக்கும் சிறு மதிப்பீடுகளுக்கு 20 விழுக்காடு. மீதி 50 விழுக்காடும் மாணவி தானே வடிவமைத்துச் செய்து முடிக்கும் பொருளுக்கும், அதைப் பற்றிய பதிவேட்டுக்கும் உரியவை.

அப்பொருளை யாருக்காகச் செய்கிறோம் என்பதுதான் இப்பாடத்தின் உயிர். மெல்போர்னில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி இதைப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, நாற்பது ஆண்டு அரிவாள்மனையில் காய் நறுக்கியவர். இப்போது முழங்கால் வலி, தரையில் உட்கார முடியவில்லை. சமையல் மேடையில் நின்று கத்தியால் நறுக்கவோ கை பழகவில்லை.

பேத்தி உடனே படம் வரையத் தொடங்கினால் மதிப்பெண் இல்லை. முதலில் பாட்டியின் அருகில் நின்று கவனிக்க வேண்டும். கவனித்தால்தான் ஒன்று புலப்படும். கத்தியில் காய் நிற்கிறது, கை நகர்கிறது. அரிவாள்மனையிலோ கத்தி நிற்கிறது, இரு கையாலும் பிடித்த காய் நகர்கிறது. தரையில் பாட்டியின் கால் பலகையை அழுத்திக்கொள்ளும். மேடையில் அழுத்துவது எது? இதுவன்றோ உண்மையான கேள்வி! மேடையின் உயரம், பாட்டியின் முழங்கை உயரம், வீட்டில் ஓடித் திரியும் சிறு குழந்தை, செலவிடக்கூடிய பணம் ஆகிய அனைத்தையும் சேர்த்து வடிவமைப்புக் குறிப்பு எழுதுகிறாள். பலகை அசையாமல் இருக்கிறதா, கழுவ எளிதா, வேலை முடிந்ததும் கத்தியை மூடிவைக்க முடிகிறதா என்ற அளவுகோல்களையும் பொருளைச் செய்யும் முன்பே எழுதிவைக்க வேண்டும். பின்னால் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியாதல்லவா!

பிறகு பல படங்கள், அட்டை மாதிரிகள், பாட்டியின் கருத்து, எந்த மரம் ஈரம் தாங்கும் என்ற சோதனை, அளவுகளோடு கூடிய வரைபடம், பாதுகாப்பு முறைகளைச் சேர்த்த வேலைத் திட்டம். இவ்வளவுக்கும் பிறகே ரம்பமும் துளைக்கருவியும் கைக்கு வரும். செய்து முடித்தபின் அதே அளவுகோல்களை வைத்துத் தானே சோதித்து, குறை இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு.

2024 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டம், பிரிட்டனின் வடிவமைப்பு மன்றம் 'இரட்டை வைரம்' என்று பெயரிட்ட முறையைப் பின்பற்றுகிறது. ஒரு புள்ளியில் தொடங்கி ஏழு வரை விரிந்து மீண்டும் ஒரு புள்ளியில் முடியும் கோலம் நமக்குத் தெரியும். அப்படி இரண்டை அடுத்தடுத்து வைத்தால் இம்முறை விளங்கிவிடும். முதல் கோலத்தில் செய்திகள் விரிந்து ஒரே சிக்கலாகக் குவிகின்றன. இரண்டாவதில் யோசனைகள் விரிந்து ஒரே பொருளாகக் குவிகின்றன.

இது மாணவியின் சொந்த வேலைதான் என்பதை ஆசிரியர் ஆண்டு முழுதும் இடையிடையே பார்த்துப் பதிவு செய்கிறார். கண்காட்சிக்கு முதல் நாள் இரவு அப்பாவும் அண்ணனும் தெர்மோகோல் வெட்டும் வழக்கத்துக்கு அங்கே வேலையில்லை! தேர்ந்தெடுக்கப்பட்ட சிறந்த படைப்புகளை மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதும் உண்டு.

உழைப்பு அதிகம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மற்றப் பாடங்களைப் போல் கடைசி மாதத்தில் கண்விழித்துப் படித்து ஈடுகட்ட முடியாது. பசை உலரும் நேரத்தை யாரும் குறைக்க முடியாதே!

நம் மாணவியருள் இத்துறையில் விருப்பம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. பம்பாய் ஐ.ஐ.டி. 2015 முதல் 'யுசீட்' என்ற தேர்வை நடத்தி வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல், வணிகவியல், கலை எந்தப் பிரிவில் படித்தவர்களும் இவற்றை எழுதலாம். யுசீட் தேர்வில் தாளில் கையால் வரைந்து காட்ட வேண்டிய பகுதியும் உண்டு.